சேர் பொன்னம்பலம் அருணாசலம் கண்ட இலங்கை

தேசியம், கல்வி, ஒழுக்கம், குடியாட்சி என்னும் சொற்களை மேடைதோறுங் கேட்டுக் கேட்டு நமது செவிகள் புளித்துப்போயின. தேர்தற் காலத்திலே அவை மலிகின்றன. தேர்தல் முடிந்ததும் வாடிவிடுகின்றன. ஆயினும், இச்சொற்கள் இந்நாட்டிற் புத்தம் புதியனவாயிருந்த ஒரு காலம் இருந்தது. அவற்றை வாய்விட்டுச் சொல்வோர் அரசினரின் ஐயத்துக்கு ஆளாகத் துணிந்தே சொல்லவேண்டியிருந்தது. அக்காலத்திலே அச்சொற்களைச் சொல்லியதோடமையாது, அவற்றுக்குச் சட்டமாகவும் சங்கமாகவும் உருக்கொடுக்க முயன்ற பெரியார் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். அன்னாருடைய வாழ்க்கையை நமது சங்கத்து இளைஞரும் மூத்தோரும் ஒருங்கே நினைவுகூர்தல் நன்றெனக் கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

யாழ்ப்பாணத்திலே சேர் இராமநாதனுடைய பெயரை அறியாத பிள்ளை இல்லை. மருதனார்மடத்திலே அவர் எழுப்பிய பெண்கள் கல்லூரியும், திருநெல்வேலியிலே அவர் கண்ட பரமேசுவராக் கல்லூரியும் அப்பெயரை நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தன. அவருடைய தம்பியாராகிய அருணாசலத்தின் பெயரோ அவ்வளவு பரவவில்லை. கட்டிடங் கண்ணுக்குத் தெரியும், யோசனை தெரியாது. தமையனாரின் புகழ் நிழலிலே தம்பியார் மறைந்துபோனார் என்பதே நமது எண்ணம். மிஷன் பாடசாலையிற் பயின்ற நம்மில் பலர், சரித்திரப் புத்தகத்தில் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் என்ற ஒரு வரியாகவே அவரை அறிந்திருந்தோம்.

1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் நாள் கொழும்பிலே அவர் பிறந்தார். தந்தையார் மானிப்பாயைச் சேர்ந்த பொன்னம்பல முதலியார். கொழும்பு கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசுவரர் திருக்கோயிலை முதன்முதல் எடுப்பித்தவர். தாயார் செல்லாச்சி அம்மையார். அம்மையாரின் சகோதரரே, இங்கிலாந்திலே நியாயவாதியாக அனுமதி பெற்ற சேர் முத்துக்குமாரசுவாமி. இத்தகைய குடும்பத்திலே மூன்றாவது மகனாக வந்த அருணாசலம், பின்னாளில் றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமியிற் கற்று, 1870இல் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிறிஜ் சென்று, கிறைஸ்ற் கல்லூரியிற் சேர்ந்தார். 1875இல் சிவில் சேவைப் போட்டிப் பரீட்சையிற் சித்தியெய்தி, அவ்வழியாக இலங்கைச் சிவில் சேவையுட் புகுந்த முதல் இலங்கையரானார்.

கேம்பிறிஜிலே அவருக்கு வாய்த்த நண்பருள் ஒருவர் எட்வேட் காப்பென்டர். இந்த ஆங்கிலேயர் பிற்காலத்தில் தொழிலாளர் பக்கம் நின்று எழுதிப் புகழடைந்தார். 1883இல் வெளிவந்த, ஜனநாயகத்தை நோக்கி என்னும் பொருள்படும் தலைப்புடைய நூல் அவருக்குப் பெயர் தேடிக் கொடுத்தது. அந்நூலை எழுதத் தூண்டிய காரணங்களுள் ஒன்று, இலங்கை நண்பர் தமக்களித்த பகவத்கீதை மொழிபெயர்ப்பே எனக் காப்பென்டரே தம் சுயசரிதையிற் கூறியிருக்கிறார். குடியாட்சித் தத்துவம் முழுவதும் மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு என எண்ணுவோர் இதனைச் சற்றே சிந்தித்துப் பார்க்கலாம். ஆங்கிலேயர் ஒருவரின் சமத்துவக் கனவுக்கு நம்மவர் கையாற் சென்ற கீதை வித்திட்டது.

நாடு திரும்பிய அருணாசலம் நீதவானாகவும் நீதிபதியாகவும் பல ஊர்களிற் கடமையாற்றினார். அவருடைய தீர்ப்புக்களைப் பிரதம நீதியரசர் சேர் ஜோன் பியர் மிக மெச்சினார். 1887இல், தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன், மூத்த உத்தியோகத்தர் பலர் இருக்க, அவரைப் பதிவாளர் நாயகம் ஆக்கினார். வெள்ளைக்கார உத்தியோகத்தருள் இது பெரும் புழுக்கத்தை விளைத்தது. பிறப்பு, இறப்பு, காணியுறுதி முதலியவற்றின் பதிவுகள் அன்றிருந்த சீர்கேட்டை அவர் பொறுமையோடு திருத்தினார். இவ்வேலை புகழ் தராத வேலை. ஆனால் ஏழையின் காணிக்கு உறுதிதான் காவல் என்பதை நாமெல்லாம் அறிவோம்.

1901ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பு அவருடைய மேற்பார்வையில் நடந்தது. அதன் அறிக்கையை இன்றும் ஆராய்ச்சியாளர் தேடிப் படிக்கின்றனர். இலங்கையின் இனங்கள், மொழிகள், சமயங்கள், வரலாறு ஆகியவற்றை ஒரு புலவனின் ஆர்வத்தோடு அதிலே எழுதினார். அன்று இலங்கைச் சனத்தொகை 35 லட்சத்துக்குச் சற்று மேல். இத்தனை லட்சம் மக்களுக்குச் சட்டநிரூபண சபையில் இருந்த உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர் எட்டுப்பேர். அவர்களுள் மூவர் ஐரோப்பியர். எஞ்சிய ஐவரும் இனத்துக்கு ஒருவராகத் தேசாதிபதியால் நியமிக்கப்பட்டவர்கள். எவரும் மக்களால் தெரியப்பட்டவரல்லர். 1911இல் படித்த இலங்கையருக்கென ஓர் ஆசனம் தேர்தலுக்கு விடப்பட்டபொழுதும், வாக்காளராய்ப் பதிவுபெற்றோர் ஏறக்குறைய 3000 பேர்தான். தலை தலையாக எண்ணிக் கணக்கெடுத்த மனிதருக்கு இந்தப் பொருத்தமின்மை உறுத்தாதிருக்குமா? அவருடைய அரசியல் இங்கிலாந்துப் புத்தகங்களிலிருந்து மட்டும் பிறந்ததன்று. அந்தக் குடிசனமதிப்பேடுகளிலிருந்தும் பிறந்தது என்றே நாம் கருதுகிறோம்.

கல்வியைப்பற்றி அவர் கொண்ட கொள்கையை இங்கே சற்று விரித்துச் சொல்லவேண்டும். 1906ஆம் ஆண்டு தொடக்கத்தில் இலங்கைச் சர்வகலாசாலைச் சங்கம் தோன்றியபொழுது அதன் தலைவரானவர் அருணாசலம். அக்காலத்து மாணவர் இங்கிலாந்துப் பரீட்சகருக்காகவே படித்தார்கள். கேம்பிறிஜ் பரீட்சை, இலண்டன் பரீட்சை என்று நெட்டுருப்பண்ணி, அந்நாட்டின் ஆறுகளையும் அரசரையும் ஒப்புவித்தார்கள். ஆண்டுதோறும் ஓரிருவர் அரசாங்கப் பரிசில் பெற்றுக் கப்பலேறினர். ஏனையோர் எழுதுவினைஞராயினர். தம்முடைய நாட்டு வரலாறு தெரியாது; தாய்மொழியிலே பிழையின்றி ஒரு கடிதம் எழுத வராது. இவ்விதம் வளர்ந்த படித்த கூட்டம் கிராமத்து மக்களோடு பேசும் வாயையே இழந்துவிட்டது என அருணாசலம் வருந்தினார். நாட்டிலேயே ஒரு சர்வகலாசாலை இருக்குமாயின் சிங்களமும் தமிழும் பாளியும் சமஸ்கிருதமும் மேல்நாட்டு விஞ்ஞானத்தோடு ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கப்படும். படித்தவருக்கும் படியாதவருக்கும் நடுவே விழுந்த பிளவு தூரும் என்பது அவர் எண்ணம்.

இந்த வாதத்தை அவர் ஆங்கிலத்தில்தான் நடத்தினார் என்று நகைப்பாருமுளர். அந்நகைப்பில் ஓரளவு நியாயமுண்டு. அவருடைய பெரும் பேச்சுக்களெல்லாம் ஆங்கிலம் அறிந்த சபைகளிலேயே நிகழ்ந்தன. எனினும், மாணிக்கவாசகரையும் தாயுமானவரையும் புறநானூற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பிறநாட்டார்முன் வைத்தவரும் அவரே. தமிழை மறந்துவிட்டுத் தமிழுக்காக வாதாடியவரல்லர்.

அவர் கேட்டது உடனே கிட்டவில்லை. 1921இல் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. அதுவும் இலண்டன் பரீட்சைக்கு மாணவரை ஆயத்தஞ் செய்யும் கல்லூரியாகவே அமைந்தது. இலங்கைப் பல்கலைக்கழகம் உண்மையிற் பிறந்தது 1942இலே, அவர் மறைந்து 18 ஆண்டுகளின் பின்னர். பேராதனையிலே மாணவர் விடுதியொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பல்கலைக்கழக அனுமதி கிடைத்ததும் பட்டத்தையும் உத்தியோகத்தையும் பற்றியே எண்ணும் நாம், நாட்டு மக்களோடு பேச வல்லவராய் வெளிவரவேண்டுமென்றே இந்த நிலையம் கேட்கப்பட்டது என்பதை அறிவது நல்லது.

அருணாசலத்தின் ஒழுக்கநெறியைச் சமயத்திலிருந்து பிரித்துப் பார்த்தல் இயலாது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த இராமசுவாமி என்னும் ஞானியாரை அவர் குருவாகக் கொண்டார். 1890இல் காப்பென்டர் இலங்கைக்கு வந்து குருநாகலிலே நண்பரோடு தங்கி, இந்த ஞானியாரிடம் சில வாரங்கள் கேள்விச் செல்வம் பெற்றார். 1892இல் அவர் வெளியிட்ட பிரயாண நூலில் இது விரிவாகக் கூறப்பட்டுள்ளது. உயர் உத்தியோகத்திலிருந்த ஒருவர், மேலதிகாரிகள் என்ன நினைப்பாரோ என்று அஞ்சித் தம் சமயத்தை வீட்டுக்குள் ஒளித்துவைப்பது அக்காலத்தில் அருமையன்று. அருணாசலம் ஒளிக்கவில்லை. பொலனறுவையிலே கண்டெடுக்கப்பட்ட சிவவடிவங்களைப்பற்றி றோயல் ஆசிய சங்கத்திலே ஆராய்ச்சிக் கட்டுரை படித்தார். நடராச வடிவின் கருத்தை அறிஞர்முன் விளக்கினார். அச்சங்கத்தின் இலங்கைக் கிளைக்குத் தலைவரான முதல் இலங்கையரும் அவரே.

ஆனால் தியானமும் ஆராய்ச்சியும் அவருக்குப் போதவில்லை. 1912இல் நிர்வாக சபையில் இடம்பெற்று, 1913இல் ஓய்வுபெற்றார். சேர் பட்டமும் வந்தது. அறுபது வயது, செல்வம், குடும்பம், புகழ் எல்லாம் உண்டு. கறுவாத்தோட்டத்து வீட்டிலே திருவாசகம் ஓதிக்கொண்டிருந்தாலும் ஒருவரும் குறைகூறியிரார். அவரோ 1915 சனவரியில் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தைத் தாபித்தார். கொழும்பின் சேரிகளிலே ஏழைகள் வாழும் நிலையைப் படித்தவர்கள் நேரிற் சென்று காணவேண்டும், மருந்தும் கல்வியும் அங்கே எட்டவேண்டும் என்பதே அதன் நோக்கம். தருமம் என்பது திருவிழாவிற் சோறிடுதலோடு முடிவதன்று என அவர் கருதினார். வறுமை ஏன் விளைகிறது, கூலி எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு என்று விசாரித்தறிதலும் தருமத்தின் பகுதியாயிற்று. நமது சங்கம்போன்ற சங்கங்கள் ஆண்டுவிழா நடத்துவதிலே செலவிடும் ஊக்கத்தில் ஒரு பங்கை இவ்விதமான விசாரணைக்குச் செலவிட்டால் எவ்வளவோ பயன் விளையும்.

தோட்டத் தொழிலாளர் விடயத்திலே அவர் காட்டிய துணிவு நமது உள்ளத்தை மிகவுங் கவர்கிறது. தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட தொழிலாளி, வந்திறங்கும்போதே கடனாளி. வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் அவன் பேரிற் பற்றெழுதப்பட்டன. ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொன்றுக்குச் செல்லவேண்டுமாயின் துண்டு எனப்பட்ட சீட்டு வேண்டும். அதிலே அவனுடைய கடன் குறிக்கப்பட்டிருக்கும். புதிய தோட்டம் அக்கடனை ஏற்றாலன்றி விடுதலையில்லை. மனம்பொறாது ஓடிப்போனால், 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றவாளியாகி மறியலுக்குப் போகவேண்டியதுதான். ஒப்பந்தத்தை மீறிய துரைக்கு நட்டஈடு. ஒப்பந்தத்தை மீறிய கூலிக்குச் சிறை. நீதிபதி ஆசனத்திலிருந்து நாட்டின் சட்டம் நடக்கும் விதத்தை ஆண்டுக்கணக்காகப் பார்த்தவர் அருணாசலம். 1919 யூன் மாதத்தில் இலங்கைத் தொழிலாளர் சேமநலச் சங்கத்தை அமைத்துத் தாமே தலைவராகி, இச்சட்டத்தை எதிர்த்துக் குரலெழுப்பினார். தோட்டத் துரைமாரின் செல்வாக்கு எத்தகையது என்பதை உணர்ந்தவர்க்கே இதன் கனம் விளங்கும். 1920களின் தொடக்கத்திலே துண்டு முறையும் தண்டனை விதிகளும் நீக்கப்பட்டன. இந்திய அரசாங்கத்தின் நெருக்குதலும் அதற்குக் காரணமாயிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இலங்கைக்குள்ளிருந்து முதலில் எழுந்த குரல்களுள் அவருடையது முக்கியமானது. யாழ்ப்பாணத்தவரும் கொழும்புத் தமிழரும் மலைநாட்டுத் தமிழரைத் தம்மவராக எண்ணாதிருந்த காலமது. அவர் எண்ணினார்.

இனி, அரசியலுக்கு வருவோம். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டது. சிங்களத் தலைவர்கள் பலர் மறியலில் வைக்கப்பட்டனர். விசாரணையின்றிச் சுடப்பட்டோரும் உளர். தமையனார் இராமநாதன் சட்டநிரூபண சபையில் அவர்களுக்காக வாதாடியது யாவரும் அறிந்த கதை. தம்பியாரின் மனத்தில் அது வேறொரு முடிவை உண்டாக்கியது. ஆளுவோரின் நற்குணத்தை நம்பியிருக்கும் குடிகளுக்குப் பாதுகாப்பில்லை. அதிகாரத்திற் பங்குள்ள குடிகளுக்கே பாதுகாப்புண்டு. 1917 ஏப்பிரில் 2ஆம் நாள் கொழும்பிலே நமது அரசியற் தேவைகள்பற்றி அவர் நிகழ்த்திய பேருரை இலங்கை அரசியலில் ஒரு திருப்பமாயிற்று. அவ்வாண்டிலேயே இலங்கைச் சீர்திருத்தக் கழகம் பிறந்தது; அவர் தலைவர். 1919 டிசெம்பர் 11ஆம் நாள் சிதறிக்கிடந்த சங்கங்களெல்லாம் ஒன்றுகூடி இலங்கைத் தேசிய காங்கிரசாயின. சிங்களவரும் தமிழரும் ஒருமனதாக அவரையே முதல் தலைவராக்கினர். ஏறக்குறைய 50 பேர் கொண்ட சபை. அதில் ஐந்தில் நான்கு பங்கினர் பிரதேசவாரியாக மக்களால் தெரியப்படவேண்டும். ஆண்களுக்கு விரிந்த வாக்குரிமை, பெண்களுக்கும் வரையறுத்த அளவில் வாக்குரிமை. சபை தன் சபாநாயகரைத் தானே தெரியவேண்டும். காங்கிரஸ் கேட்டது இது. இன்று இது மிகக் குறைவாகத் தோன்றும். 3000 பேர் வாக்களித்த நாட்டில் அது குறைவன்று.

இந்த ஒற்றுமை எளிதில் வந்ததன்று. பிரதேசவாரித் தெரிவு வந்தால் தமிழர் சிறுபான்மையாகி ஒதுக்கப்படுவர் என யாழ்ப்பாணச் சங்கத்தார் அஞ்சினர். அவ்வச்சத்தைத் தீர்க்கும்பொருட்டு 1918 டிசெம்பரில் ஜேம்ஸ் பீரிசும் சமரவிக்கிரமவும், மேல்மாகாணத்திலே தமிழருக்கென ஓர் ஆசனம் அமைவதற்குத் தாம் ஆதரவளிப்பதாக எழுத்திலே வாக்குக் கொடுத்தனர். அக்கடிதத்தை நம்பி அருணாசலம் யாழ்ப்பாணத்தாரைக் காங்கிரசுக்கு அழைத்துவந்தார். தம் பெயரையே பிணையாக வைத்தார் எனலாம். மூன்றாண்டு செல்லுமுன் அந்த வாக்கு நிறைவேறாது போயிற்று. 1921ஆம் ஆண்டுத் தேர்தலிலே கொழும்பு நகர ஆசனத்துக்கு ஜேம்ஸ் பீரிஸ் வந்தார். மேல்மாகாணத் தமிழர் ஆசனத்துக்குக் காங்கிரசின் ஆதரவு கிட்டவில்லை. வாக்குக் கொடுத்தது காங்கிரஸ் அன்று, காங்கிரசுக்கு முந்திய சங்கத்தாரே என்ற வாதமும் எழுந்தது. அருணாசலம் தாம் பெற்றெடுத்த காங்கிரசைவிட்டு வெளியேறினார். யாழ்ப்பாணத்திலே தமிழர் மகாசன சபை தோன்றியது. 1923இல் அவரே இலங்கைத் தமிழர் கழகத்தைத் தொடக்கிவைத்தார்.

இந்த முடிவைப்பற்றி இருவகையாகப் பேசுவர். ஓர் ஆசனத்துக்காக ஒரு தேசத்தைக் கைவிட்டார் என்பர் சிலர். தேசியம் பேசியவர் கடைசியில் இனவாதியானார் என்றும் எழுதுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஆசனம் ஒன்றோ இரண்டோ என்பதல்ல வழக்கு. பெரும்பான்மையோர் சிறுபான்மையோர்க்குக் கொடுத்த முதல் வாக்கு அது. அதைக் காப்பாற்றும் வல்லமை இல்லாத சங்கம் நாளை நாட்டை ஆளும்போது எதைக் காப்பாற்றும் என்பதே அவர் கேள்வி. வாக்கு மீறுதலை அவர் அரசியற் தவறென்று கருதாமல் ஒழுக்கத் தவறென்றே கருதினார். அதே சமயத்தில், இனப்பகையை அவர் வளர்த்தாரல்லர் என்பதையும் சொல்லவேண்டும். மனிங் தேசாதிபதி இப்பிளவிலே குளிர்காய்ந்தார் என்று சரித்திராசிரியர் கூறுகின்றனர், உண்மையே. ஆனால் பிளவுக்கு வாய்ப்பளித்தவர்கள் கொழும்பிலேயே இருந்தனர். இலங்கையின் பிற்காலத் துயரங்களையெல்லாம் அறிந்த நாம் 1921ஆம் ஆண்டு ஏடுகளைப் படிக்கும்பொழுது நெஞ்சு கனக்கிறது. அந்தச் சிறிய கடிதம் மதிக்கப்பட்டிருந்தால் என்ற எண்ணம் எழாமற் போவதில்லை.

சிங்களரின் பக்கத்திலும் அவரை மறவாதவர் இருந்தனர். கொழும்பிலே சட்டநிரூபண சபை மண்டப முன்றலில் 1930இல் அவருடைய உருவச்சிலை திறக்கப்பட்டது.

1924ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள், தலயாத்திரை சென்றவிடத்தில், மதுரையம்பதியிலே அருணாசலம் இறைவனடி சேர்ந்தார். வயது எழுபது. அவர் காப்பென்டருக்கு எழுதிய சமயக் கடிதங்களை அந்த ஆங்கில நண்பர் 1927இல் நினைவுக் குறிப்போடு நூலாக வெளியிட்டார். அரசியலைப்பற்றிச் சொல்லாமல் ஞானத்தைப்பற்றியே அந்நூல் பெரிதும் பேசுகிறது. நண்பருக்கு அவரிடம் எது பெரிதாகத் தோன்றியதோ அது.

டொனமூர் ஆணைக்குழுவின் சிபார்சின் பயனாக 1931இல் இருபத்தொரு வயதடைந்த ஆணும் பெண்ணும் வாக்களித்தனர். தோட்டத் தொழிலாளருட் பலரும் அன்று வாக்குப் பெற்றனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதனையடுத்த தேர்தற் சட்டமும் அவ்வுரிமையை அவர்களிடமிருந்து பறித்தன. எஞ்சியோர்க்கும் குடியுரிமை அளிக்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. அந்த 1931ஆம் ஆண்டு அரசாங்க சபையிலே தொழில் மந்திரியாக அமர்ந்தவர் பெரிசுந்தரம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், தொழிலாளர் சேமநலச் சங்கத்திலே அருணாசலத்தின்கீழ்ச் செயலாளராயிருந்தவர் அவர்.